நீவும் கையும் நிமிரும் கையும்

'நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்' என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆனால் நோயோ விபத்தோ நேர்ந்து அந்தச் செல்வத்தை இழந்தபின், அதை மீட்பது எப்படி என்பதைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கட்டைப் பிரித்தாயிற்று, மாத்திரை தீர்ந்தாயிற்று, இனி எல்லாம் தானே சரியாகிவிடும் என்று இருந்துவிடுகிறோம். சென்ற ஜூலை மாதம் வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வலது முழங்கைதான் எங்களுக்கு வேறு பாடம் கற்பித்தது. அப்பாடத்தை நம் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று அவளிடமே கேட்டோம். "என் பெயர் மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள். இன்னொருத்திக்கு இப்படி நேரக்கூடாது" என்றாள். ஆகவே எழுதுகிறோம்.

மைதானத்தில் நிகழ்ந்தது

விளையாட்டு விழாவுக்காகக் கோ-கோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஓடிவந்த வேகத்தில் அவள் இடறி, வலது கையை ஊன்றி விழுந்தாள். முழங்கை மூட்டு விலகிவிட்டது. சிஸ்டரும் விளையாட்டு ஆசிரியையும் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். மருத்துவர் மூட்டைப் பொருத்தி, மாவுக்கட்டுப் போட்டு, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். கட்டைப் பிரித்த நாளில், "இனி தினமும் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு வந்து பயிற்சி செய்ய வேண்டும்" என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

ஆனால் அந்தச் சீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. கட்டுக்குள்ளிருந்து வெளிவந்த கை மெலிந்து, பாதி மடங்கிய நிலையிலேயே கட்டைபோல் நின்றது. அதைக் கண்ட அவளுடைய பாட்டிக்கு மனம் தாங்கவில்லை. "எண்ணெய் போட்டு நாலு நாள் நீவினால் நேராகிவிடும்" என்று பக்கத்து ஊரில் எலும்புக்குக் கட்டுப் போடும் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அவர் சூடான எண்ணெயை ஊற்றி முழங்கையை அழுத்தி நீவி, கையைப் பிடித்துப் பலமாக இழுத்து நிமிர்த்தப் பார்த்தார். இப்படி நான்கு நாள். ஐந்தாம் நாள் முழங்கை வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டது. இரவெல்லாம் அவள் உறங்கவில்லை. கை முன்னைவிட இறுகிப்போயிற்று.

மீண்டும் மருத்துவமனைக்கு ஓடினார்கள். புதிதாக எடுத்த எக்ஸ்ரே படத்தில், மூட்டுக்கு முன்னாலுள்ள தசையில் புகைபோல ஒரு நிழல் தெரிந்தது. "காயம்பட்ட தசைக்குள் எலும்பு உருவாகத் தொடங்கும் அறிகுறி இது. இனி யாரும் இந்தக் கையை நீவக்கூடாது, இழுக்கக்கூடாது. இன்னும் சில நாள் இப்படியே செய்திருந்தால் மூட்டு அசையாமலே போயிருக்கலாம்" என்றார் மருத்துவர். பாட்டி அங்கேயே அழுதுவிட்டாராம். அவர் செய்தது பாசத்தால் செய்ததுதான். ஆனால் பாசத்துக்கும் சரியான அறிவு வேண்டியிருக்கிறது அல்லவா?

மூட்டு ஏன் இறுகுகிறது?

எலும்பு சேர்வதற்காகத்தான் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். அந்த ஓய்வு அவசியம். ஆனால் எலும்புக்கு நன்மை செய்யும் அதே ஓய்வு, தசைக்கும் மூட்டுக்கும் ஓரளவு தீமை செய்கிறது. பயன்படுத்தாத தசை இரண்டு மூன்று வாரத்திலேயே மெலியத் தொடங்கும். மூட்டைச் சுற்றிப் பைபோல் அமைந்திருக்கும் உறை சுருங்கும். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு நேரடியான இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் அது பெரும்பாலும் தன் உணவைப் பெறுகிறது. மூட்டு அசையும்போதுதான் அத்திரவம் நன்கு பரவும். கிணற்றில் நீர் இருந்தும் இறைக்க ஆளில்லாத வயலைப்போல, அசையாத மூட்டு பசித்துக் கிடக்கிறது எனலாம்.

எனவே கட்டுப் பிரித்தவுடன் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. மறுபாதி சிகிச்சை அன்றுதான் தொடங்குகிறது. அந்த மறுபாதிக்குப் பெயர்தான் இயன்முறை மருத்துவம். 'பிசியோதெரபி' என்று நாம் சொல்வதும் இதையே. இயக்கம், வெப்பம், குளிர்ச்சி, நீர், மின்சாரம், கைத்தொடுகை ஆகியவற்றைக்கொண்டு வலியைக் குறைத்து, இழந்த செயலை மீட்டுத் தரும் மருத்துவப் பிரிவு இது.

நீவுவதால் வலி குறைவது எப்படி?

நீவுதல் தீயது என்று எங்களை யாரும் தவறாக எண்ணிவிடக்கூடாது. கதவில் தலை இடித்துக்கொண்டால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? இடித்த இடத்தைக் கையால் தேய்க்கிறோம். குழந்தை விழுந்தால் தாய் அந்த இடத்தைத் தடவிவிடுகிறார். இதில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. கனடா நாட்டு ரொனால்டு மெல்சாக், இங்கிலாந்து நாட்டு பாட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில், தண்டுவடத்தில் ஒரு வாயில்போன்ற அமைப்பு இருக்கிறது. தொடுதலும் தடவுதலும் வேறு நரம்புகள் வழியாக அங்கு வந்து சேரும்போது அந்த வாயில் ஓரளவு மூடிக்கொள்கிறது. எனவே வலி குறைவாகத் தெரிகிறது என்பதே அவ்விளக்கம். பின்னர் அதில் பல திருத்தங்கள் வந்தன. ஆயினும் அதன் அடிப்படைக் கருத்து இன்றும் வலி மருத்துவத்துக்கு உதவுகிறது.

முறையான நீவுதலில் மென்மையாக வருடுதல், பிசைதல், தட்டுதல், விரல் நுனியால் குறுக்காகத் தேய்த்தல் எனப் பல வகைகள் உள்ளன. நம் சித்த மருத்துவத்தில் இக்கலைக்குத் 'தொக்கணம்' என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதில் ஒன்பது வகை சொல்லப்படுகின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் சித்த மருத்துவத்தை முறையாகப் படித்துத் தேர்ந்தவர்கள் எது எவருக்கு ஆகும், எவருக்கு ஆகாது என்பதை அறிந்தே செய்வார்கள்.

நீவுதல் வலியைத் தணிக்கும். இறுக்கமான தசையைத் தளர்த்தும். மனத்துக்கு அமைதியும் தரும். ஆனால் மெலிந்த தசைக்கு அது வலிமை தராது. நாம் படுத்திருக்க, வேறொருவர் நம் காலை எவ்வளவு நேரம் பிடித்துவிட்டாலும் அதனால் நாம் ஓட்டப்பந்தயத்தில் வெல்ல முடியாது அல்லவா? ஓட வேண்டியது நம் கால்தான்.

முழங்கைக்கு மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை?

மேல்கை எலும்பின் முன்பக்கத்தை ஒட்டி ஒரு தசை, முழங்கையைக் கடந்து செல்கிறது. முழங்கை விலகும்போதோ முறியும்போதோ அத்தசையும் கிழிந்து, உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும். அந்த நிலையில் பலமாக நீவினாலும், வலுக்கட்டாயமாக இழுத்தாலும், அந்த இரத்தக்கட்டு இருந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து எலும்பாக மாறக்கூடும். தசை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு வளர்ந்தால் மூட்டுக்கு உள்ளேயே தாழ்ப்பாள் போட்டது போலாகிவிடும். அதனால்தான் அடிபட்ட முழங்கையை நீவக்கூடாது என்பது எலும்பு மருத்துவத்தில் ஒரு முக்கிய விதியாக இருக்கிறது. எங்கள் தோழிக்கு நேர்ந்தது இந்த விதியை அறியாமையால் வந்த வினை.

சிகிச்சைக் கூடத்தில் நாங்கள் கண்டவை

சில வார ஓய்வுக்குப் பின் வீக்கம் வடிந்தது. செப்டம்பர் மாதத்தில் அவளுக்குப் பயிற்சி தொடங்கியது. பள்ளி விட்டதும் எங்களில் இருவர் முறை வைத்து அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் துணையாகச் சென்றோம்.

இயன்முறை சிகிச்சைக் கூடம் மருத்துவமனையின் மற்றப் பகுதிகளைப்போல் இல்லை. பார்த்தவுடன் அது எங்களுக்கு உடற்பயிற்சிக் கூடமாகவே தோன்றியது. சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவதற்கு ஒரு சிறு மர ஏணி, கையால் சுற்றுவதற்கு ஒரு பெரிய சக்கரம், கயிறும் கப்பியும், நடை பழகுபவர்கள் இருபுறமும் பிடித்துக்கொள்ள இரண்டு இணையான கம்பிகள், எங்கும் நகராத ஒரு சைக்கிள். ஒரு மூலையில் உருகிய மெழுகு நிறைந்த தொட்டி. விரல் மூட்டு வாதமுள்ள ஓர் அம்மையார் அதில் கையை முக்கி எடுத்தார். மெழுகு கையுறைபோல் படிந்தது. சுமார் ஐம்பது டிகிரி வெப்பமுள்ள அந்த மெழுகு, வெந்நீரைப்போல் சுடாமல் மெதுவாக வெப்பத்தைத் தருமாம். இன்னொரு மேசையில், தோலின் மேல் ஒட்டிய பட்டைகள் வழியாக மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தும் சிறு கருவி. முன்னே கூறிய வலி வாயிலை மூடும் முயற்சிதான் இதுவும்.

இவ்வளவு கருவிகள் இருந்தும் எங்கள் தோழிக்கு அவற்றில் ஒன்றையும் வைக்கவில்லை. இயன்முறை மருத்துவர் அம்மையார் முதலில் இரு கைகளுள்ள ஓர் அளவுகோலை முழங்கையில் பொருத்தி அளந்தார். நம் கணிதப் பெட்டியிலுள்ள கோணமானியின் அக்காள் என்று அதைச் சொல்லலாம். முழுதும் நீட்டிய கை பூஜ்யம் டிகிரி. நன்கு மடக்கிய கை சுமார் 140 டிகிரி. எங்கள் தோழியின் கையோ 60 டிகிரிக்குக் கீழே நீளவில்லை. 90-க்கு மேல் மடங்கவில்லை. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 டிகிரி வரை முழங்கை அசைந்தால் போதுமாம். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவும், தலை பின்னவும் நன்றாக மடங்க வேண்டும். அதனால்தான் அந்நாள்களில் அவள் இடது கையால் கரண்டி பிடித்து உண்டாள். காலை வழிபாட்டுக்கு முன் எங்களில் ஒருத்தி அவளுக்குச் சடை பின்னிவிடுவோம்.

அம்மையார் அவளுடைய கையைத் தாங்கிக்கொண்டு, "நீயே மடக்கு, வலி தொடங்கும் இடத்தில் நிறுத்து, பிறகு நீயே நீட்டு" என்றார். பத்து முறை. அவ்வளவுதான். எங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது.

"மேடம், நீங்கள் கொஞ்சம் அழுத்தி நிமிர்த்திவிடக்கூடாதா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அவர் சிரித்தார். "நான் நிமிர்த்தினால் அது என் பலம். நான் கையை எடுத்ததும் அது போய்விடும், காயமும் பெரிதாகும். அவளாக ஒரு டிகிரி நிமிர்த்தினால் அது அவளுடையது. நாளைக்கும் இருக்கும். இங்கே பத்து நிமிடம். வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து முறை. சிகிச்சை செய்வது நானல்ல, அவள்தான்" என்றார்.

திரும்பும் வழியில் நாங்கள் அதிகம் பேசவில்லை. அந்தச் சொற்களே எங்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

இக்கலையை வளர்த்த பெண்மணிகள்

இந்த மருத்துவம் எப்படித் தோன்றியது என்று அறிய ஆவல் கொண்டு, நூலகத்தில் தேடினோம். சுவீடன் நாட்டில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக்கென ஒரு நிலையத்தை நிறுவினார். நோய் தீர்க்கும் பயிற்சிகளும் அங்குக் கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1894-ஆம் ஆண்டு நான்கு செவிலியர் ஒன்று கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கான ஒரு சங்கத்தை அமைத்தார்கள். அக்காலத்தில் அத்தொழிலின் பெயரால் பல மோசடிகள் நடந்தன. ஒழுங்கான பாடத்திட்டமும் தேர்வும் ஏற்படுத்தி, அத்தொழிலின் மதிப்பைக் காத்தவர்கள் அந்நால்வரே. அச்சங்கம் 1920-இல் அரச பட்டயம் பெற்றது. 1944-இல் இயன்முறை மருத்துவர் சங்கம் என்னும் பெயரை ஏற்றது. முதல் உலகப் போரில் காயமுற்ற ஆயிரக்கணக்கான வீரர்களை மீண்டும் நடக்க வைக்கும் தேவையே இக்கலை வேகமாக வளரக் காரணமாயிற்று.

ஆஸ்திரேலியாவில் 1880-இல் பிறந்த எலிசபெத் கென்னி என்னும் செவிலியரின் வரலாறு எங்களை மிகவும் கவர்ந்தது. அவரைச் 'சிஸ்டர் கென்னி' என்றே உலகம் அழைக்கிறது. அவர் கன்னியர் மடத்தைச் சேர்ந்தவரல்லர். போர்க்காலச் செவிலியர் பணியில் கிடைத்த பதவிப் பெயர் அது. இளம்பிள்ளை வாதம் கண்ட குழந்தைகளின் கை கால்களை மரப்பட்டையிலும் மாவுக்கட்டிலும் மாதக்கணக்கில் கட்டி வைப்பதே அன்றைய வழக்கம். கென்னி அதை ஏற்கவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, வலி தணிந்ததும் உறுப்பை மெல்ல அசைத்து, அதை எப்படி இயக்குவது என்று குழந்தைக்கே மீண்டும் கற்பித்தார். மருத்துவர் பலர் அவரை எதிர்த்தனர். அவர் 1940-இல் அமெரிக்கா சென்றார். 1942-இல் மினியாபொலிஸ் நகரில் அவர் பெயரால் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. நோயைப் பற்றி அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியல்ல என்றாலும், அவருடைய சிகிச்சை முறை பல குழந்தைகளைக் கட்டிலிருந்து விடுவித்தது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்ட நோயாளிக்குப் பின், இந்நோய்க் கிருமியால் இயற்கையாகப் பரவிய வாதம் எவருக்கும் வரவில்லை. 2014 மார்ச்சில் இந்தியா அந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. தடுப்பு மருந்தின் வெற்றி அது. ஆயினும் அந்நோயால் முன்பே பாதிக்கப்பட்டு, இரும்புத் தாங்கியுடன் நடக்கும் பெரியவர்களை நம் தெருக்களில் இன்றும் காண்கிறோம்.

வேலூர் தந்த விளக்கு

வெளிநாட்டை ஏன் தேட வேண்டும்? நம் வேலூரிலேயே ஓர் ஒப்பற்ற வரலாறு இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். செயலிழந்த தசைக்குப் பதிலாக, நல்ல நிலையிலுள்ள வேறொரு தசையின் நாணை எடுத்து விரலோடு இணைப்பார். ஆனால் கத்தி செய்வது பாதி வேலைதான். இடம் மாறிய தசைக்குத் தன் புதிய வேலை தெரியாது. நோயாளி வாரக்கணக்கில் பயிற்சி செய்து, இந்தத் தசையைச் சுருக்கினால் இந்த விரல் அசையும் என்று புதிதாகக் கற்க வேண்டும். ஆகவே அறுவைக்கு முன்னும் பின்னும் இயன்முறைப் பயிற்சி அங்கு இன்றியமையாததாயிற்று.

அக்கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். இனி வாழ்வே இல்லை என்று பிறர் எண்ணியிருக்கக்கூடும். அவரோ கைகளை வலுவாக்கும் பயிற்சிகளைச் செய்து, சக்கர நாற்காலியில் அமரப் பழகி, அதில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்! பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை நடத்தினார். 1966-இல் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்குத் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986-இல் அவர் மறைந்தார். அவருடைய கால்கள் கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் எத்தனையோ பேர் மீண்டும் தம் வேலையைத் தாமே செய்ய அவர் வழி வகுத்தார். மறுவாழ்வு என்பது பழைய நிலைக்கே திரும்புவது மட்டுமன்று. இருப்பதைக்கொண்டு முழுமையாக வாழக் கற்பதும் ஆகும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

முதியோர்க்கும் இது உதவும்

எங்களுள் ஒருத்தியின் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையில் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்லாமல் தடைப்படுவதாலோ, இரத்தக்குழாய் வெடிப்பதாலோ இது வருகிறது. கெட்டுப்போனது மூளையிலுள்ள செல்கள். கையும் காலும் அல்ல. எனவே கையில் எண்ணெய் தேய்ப்பதால் மட்டும் பயன் வராது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளையின் நல்ல பகுதிகள் அந்த வேலையை ஓரளவு ஏற்கக் கற்றுக்கொள்கின்றன. நாம் வாய்ப்பாட்டைப் பல முறை சொல்லி மனத்தில் பதித்துக்கொள்வது போலத்தான்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பதும் அடங்கும். அத்திட்டத்தின்படி வந்தவர் அவ்வீட்டாருக்கு ஒரு முக்கியச் செய்தி சொன்னார். விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. தோள் மூட்டைத் தாங்கி நிற்பது தசைகளே. அவை தளர்ந்திருக்கும்போது இழுத்தால் மூட்டு நழுவி, தீராத வலி தொடங்கும். முதுகுக்கும் தோள்பட்டைக்கும் பின்னால் கைகொடுத்துத் தூக்க வேண்டும். இப்போது தாத்தா கோலூன்றித் திண்ணைவரை நடக்கிறார். மாலையில் அவருக்குப் பயிற்சி எண்ணிச் சொல்வது எங்கள் தோழியின் வேலை. அவர் எட்டோடு நிறுத்தப் பார்த்தாலும் அவள் பத்து வரை விடமாட்டாள்!

நினைவில் கொள்ள வேண்டியவை

பெற்றோர்க்கும் தோழியர்க்கும் பயன்படும் வகையில், நாங்கள் கேட்டறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறோம்.

1. புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்தை முதல் இரண்டு மூன்று நாள் நீவக்கூடாது. வெந்நீர் ஒத்தடமும் கூடாது. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் வைக்கலாம். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைக்கக்கூடாது.

2. எலும்பு முறிந்திருக்கலாம் என்ற ஐயமிருந்தால் 'சுளுக்கு எடுக்க' யாரிடமும் போகாமல் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

3. ஒரு காலின் ஆடுதசை மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அதைப் பிடித்துவிடக்கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

4. சர்க்கரை நோயால் உணர்வு குறைந்த பாதங்களுக்குச் சூடான ஒத்தடம் வேண்டாம். சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும்.

5. பயிற்சியின்போது சிறிது வலி இருக்கலாம். ஆனால் வீக்கமும் சூடும் கூடினாலோ, வலி மறுநாளும் நீடித்தாலோ பயிற்சியைக் குறைத்து, சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டும்.

6. கட்டுப் பிரித்தபின் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டை அலமாரியில் வைக்காதீர்கள்!

இத்துறையில் சேர விரும்பும் தோழியர்க்கு ஒரு செய்தி. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் எடுத்து, அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு மேல் படித்துப் பயிற்சி பெற்றால் இயன்முறை மருத்துவப் பட்டம் பெறலாம். எங்கள் வகுப்பில் இப்போதே இருவர் அம்முடிவோடு இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8-ஆம் நாள் உலக இயன்முறை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு கோணல் சடை

எங்கள் தோழியின் கை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். செப்டம்பரில் 60 முதல் 90 வரை மட்டும் அசைந்த முழங்கை, அக்டோபரில் 45-லிருந்து 105 ஆயிற்று. நவம்பரில் பல நாள் ஒரு டிகிரிகூட ஏறவில்லை. அவள் மனம் உடைந்து, "இனி நான் போகப் போவதில்லை" என்று அழுதாள். அன்று எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவளோடு நாங்களும் மைதானத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து, எங்கள் கைகளையும் மடக்கி நீட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணினோம். அதன்பின் நாள்தோறும் மதிய இடைவேளையில் அது எங்கள் வழக்கமாயிற்று.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில் அவள் சற்றுத் தாமதமாக வந்தாள். சடை ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாக, கோணலாக இருந்தது. வழக்கம்போல் பின்னிவிட ஒருத்தி எழுந்தாள். "தொடாதே! நானே பின்னியது" என்றாள் அவள். அன்று வழிபாட்டு மணி அடித்தது எங்களில் யாருக்கும் கேட்கவில்லை.

இன்று அவள் முழங்கை 15 முதல் 130 டிகிரி வரை அசைகிறது. அந்தக் கடைசிப் பதினைந்து டிகிரி முழுதும் வருமா என்பதை மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் அரசுத் தேர்வைத் தன் வலக்கையாலேயே எழுதப் போகிறாள். அவளுடைய பாட்டி இப்போது கையை நீவுவதில்லை. எதிரில் அமர்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்.

அன்புள்ள தோழியரே! வலியில் இருப்பவர்க்கு நம் கை ஆறுதல் தரட்டும். எங்கே தொட வேண்டும், எங்கே தொடக்கூடாது என்ற அறிவும் அக்கைக்கு இருக்கட்டும். அதற்கு மேல் எழுந்து நிற்க வேண்டியது அவர்களுடைய சொந்த முயற்சியால்தான். அம்முயற்சியில் அவர்கள் சோர்வுறும்போது, பக்கத்தில் அமர்ந்து எண்ணிக்கொடுக்க நாம் இருப்போமாக!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில், ஒரு மாணவி